பெரிய க்ளோ இன்ஜினுக்கு எரிபொருள்: தேர்வும் கலவையும்

மாடல் விமானத்தில் .40, .46 கன அங்குல அளவு இன்ஜின்களில் கை பழகி, பிறகு 1.20, 1.60, 1.80 என்று மேலே போகிறவர்கள் பெரும்பாலும் பழைய எரிபொருள் கேனையும் கூடவே கொண்டுவந்துவிடுகிறார்கள். சின்ன இன்ஜின் 15 சதவீத நைட்ரோவில் (எரிபொருளில் கலக்கும் நைட்ரோமீத்தேன்) அருமையாக ஓடியது, பெரியதும் அப்படியே ஓடும் என்ற எண்ணம். ஓடத்தான் செய்யும். ஸ்டார்ட் ஆகும், சத்தமும் நன்றாகவே இருக்கும். ஆனால் வெயில் ஏறியதும், அல்லது எரிபொருள் வரத்தைத் திருத்தும் நீடிலை ஒரு கிளிக் கூடுதலாக மூடியதும், ஹெட்டுக்குள்ளிருந்து எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல் ஒரு படபடப்பு கேட்க ஆரம்பிக்கும். அது இன்ஜின் கெட்டுப்போகும் சத்தம். அதைத் தவிர்க்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். 20 சி.சி.க்கு மேற்பட்ட இரண்டு ஸ்ட்ரோக் க்ளோ இன்ஜினுக்கு நைட்ரோ 5 சதவீதம் போதும், பல இன்ஜின்களுக்கு அதுவும் வேண்டாம். நான்கு ஸ்ட்ரோக் என்றால் 10 முதல் 15. எண்ணெய் 15 சதவீதத்தை ஒட்டி, அதில் கொஞ்சம் விளக்கெண்ணெய் கட்டாயம். மீதி எல்லாம் நல்ல, ஈரமில்லாத மெத்தனால். உங்கள் இன்ஜினோடு வந்த கையேடு வேறு சொன்னால் கையேட்டைக் கேளுங்கள், என்னை அல்ல.

பெரிய இன்ஜினுக்கு ஏன் குறைந்த நைட்ரோ என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். க்ளோ இன்ஜினில் தீப்பொறி கிடையாது. 1947-இல் ரே ஆர்டன் விற்பனைக்குக் கொண்டுவந்த க்ளோ பிளக்கின் அடிப்படைதான் இன்றைக்கும். பிளாட்டினம் கலந்த ஒரு சின்னக் கம்பிச்சுருள், அதன்மேல் மெத்தனால் ஆவி படும்போது நடக்கும் வினையில் சுருள் சூடாகவே இருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் பிளக் அணையாமல் இருப்பது அதனால்தான். ஆனால் எரிதல் எந்த நொடியில் தொடங்கும் என்பதைச் சொல்ல அங்கே எந்தச் சுவிட்சும் இல்லை. கம்ப்ரஷன், பிளக்கின் சூடு, எரிபொருளின் கலவை இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்த நேரத்தைத் தீர்மானிக்கின்றன. நைட்ரோ கூடினால் எரிதல் முன்னதாகவே தொடங்கும். கம்ப்ரஷன் கூடினாலும் அப்படித்தான்.

சிலிண்டர் பெரிதாகும்போது என்ன ஆகிறது? உள்ளே இருக்கும் கொள்ளளவு வேகமாக வளர்கிறது, சூட்டை வெளியே கடத்தும் சுவரின் பரப்பு அந்த அளவுக்கு வளர்வதில்லை. அதனால் பெரிய சிலிண்டர் சூட்டைத் தக்கவைத்துக்கொள்கிறது, எரிதல் முந்திக்கொள்கிறது. அதோடு, தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக அதிகத் தூரம். பெரிய புரொப்பெல்லரைச் சுழற்றும் இன்ஜின் நிமிடத்துக்கு 8,000, 9,000 சுற்றில்தான் ஓடுகிறது, சின்ன இன்ஜின்போல் 13,000-இல் அல்ல. ஆகவே கடைசியில் எரியவேண்டிய கலவைக்குக் காத்திருக்கும் நேரமும் அதிகம். காத்திருக்கும்போது அழுத்தமும் சூடும் ஏற, தீ வந்து சேருமுன்னே அது தானாக வெடிக்கிறது. நான் முதலில் சொன்ன படபடப்பு அதுதான், டெட்டனேஷன். இதில் கனெக்டிங் ராடு, பேரிங், பிளக் எல்லாமே அடிவாங்கும். நான்கு ஸ்ட்ரோக்கில் இது முற்றினால் இன்ஜின் எதிர்த்திசையில் உதைத்து, புரொப்பெல்லர் நட்டையே தளர்த்தி எறிந்துவிடும். லாக் நட் இல்லாத நான்கு ஸ்ட்ரோக்கின் பக்கத்தில் நிற்கவே கூடாது.

அப்படியானால் நைட்ரோ எதற்கு? மூன்று எண்களைப் பாருங்கள். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.4 கிராம் போதும். நைட்ரோமீத்தேனுக்கோ வெறும் 1.7. தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் ஒரு பங்கைத் தன் மூலக்கூறிலேயே வைத்திருக்கிறது அது. எடைக்கு எடை பார்த்தால் மெத்தனாலைவிட நைட்ரோவில் வெப்பம் குறைவுதான். ஆனால் இன்ஜின் இழுக்கும் அதே அளவு காற்றோடு அதை ஏறத்தாழ நாலு மடங்கு சேர்த்து எரிக்கலாம் என்பதால் மொத்த விளைச்சல் கூடுகிறது. சக்தி கிடைக்கிறது, ஐடில் நிதானமாக நிற்கிறது, நீடில் கொஞ்சம் தவறினாலும் இன்ஜின் மன்னிக்கிறது. சின்ன இன்ஜினுக்கு இந்த மூன்றும் தேவை. பெரிய இன்ஜினுக்கு உள்சூடே போதுமான அளவு இருப்பதால் ஐடிலுக்கு இத்தனை உதவி வேண்டியதில்லை. சக்தி போதவில்லை என்றால் நைட்ரோவைக் கூட்டாதீர்கள், புரொப்பெல்லரை மாற்றிப் பாருங்கள்.

உலகளவிலான பந்தயங்களில் கயிற்றில் சுற்றும் வேக விமானங்களுக்கு நைட்ரோவே இல்லாத எரிபொருள்தான் விதி: 80 பங்கு மெத்தனால், 20 பங்கு விளக்கெண்ணெய். அதை வைத்துக்கொண்டுதான் அந்த வேகம். ஐரோப்பாவில் உருவான பல பெரிய இன்ஜின்கள் இப்படிப்பட்ட எரிபொருளை மனதில் வைத்து, கம்ப்ரஷனைச் சற்று உயர்த்தியே செய்யப்பட்டவை. சூப்பர் டைகர் 2300, 3000, மோக்கி 1.80 மாதிரி இன்ஜின்கள் உங்களிடம் இருந்தால் 0 முதல் 5 சதவீத நைட்ரோவைத் தாண்டாதீர்கள். இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஒய்.எஸ். நிறுவனத்தின் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின்கள். அவை 20, 30 சதவீத நைட்ரோவுக்காகவே வடிவமைக்கப்பட்டவை, அவற்றுக்கு 5 சதவீதம் ஊற்றினால் சோர்ந்துபோகும். ‘பெரிய இன்ஜின்’ என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடைத்துவிட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எண்ணெய்

இங்கே சண்டை அதிகம், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

க்ளோ இன்ஜினுக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது. எரிபொருளோடு போகும் எண்ணெய்தான் பேரிங், ராடு, பிஸ்டன் எல்லாவற்றையும் நனைத்து, சூட்டில் ஒரு பங்கையும் சுமந்துகொண்டு சைலன்சர் வழியாக வெளியே போகிறது. விமானத்தின் வயிற்றில் வழியும் எண்ணெயைத் துடைக்கச் சலிப்பாகத்தான் இருக்கும். வழியட்டும், அது வழிந்தால்தான் உள்ளே எண்ணெய் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம்.

விளக்கெண்ணெயின் குணம் என்னவென்றால், சூடு அளவை மீறும்போதும் அது உலோகத்தை விட்டுப் போகாது. இன்ஜின் தற்செயலாக லீன் ஆகி (எரிபொருள் குறைந்து காற்று மிஞ்சி) எல்லாம் காய்ந்துபோகும் நேரத்தில் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்பது அதுதான். துருப்பிடிக்காமலும் காக்கும். குறை என்ன? சூட்டில் பழுப்பு நிற வார்னிஷாகப் படியும். ரிங் வைத்த பெரிய இன்ஜினில் அது ரிங்கைப் பள்ளத்தோடு ஒட்டவைத்துவிடும், கம்ப்ரஷன் போய்விடும். சிந்தடிக் எண்ணெய் சுத்தமாக எரியும், நன்றாக ஓடும், படிவம் விடாது. ஆனால் லீன் ஓட்டத்தில் ஓர் எல்லைக்கு மேல் அது எரிந்தே போய்விடும், எச்சரிக்கையே தராது.

அதனால் நான் இரண்டையும் கலந்துதான் ஊற்றுகிறேன். மொத்த எண்ணெயில் ஐந்தில் நாலு பங்கு சிந்தடிக், ஒரு பங்கு விளக்கெண்ணெய். க்ளாட்ஸ் நிறுவனத்தின் சூப்பர் டெக்னிப்ளேட் இதே விகிதத்தில் கலந்தே வருகிறது, தனித்தனியாகத் தேட விருப்பமில்லாதவர்களுக்கு அது வசதி. விளக்கெண்ணெய் தனியாக வாங்கினால் பசை நீக்கிய, தெளிந்த, வாசனையோ வேறு எதுவுமோ சேர்க்காத தூய எண்ணெயாக இருக்கட்டும். தலைக்குத் தேய்க்க மூலிகை சேர்த்து விற்பது இதற்கு ஆகாது.

அளவு பற்றி: பால் பேரிங்கும் ரிங்கும் உள்ள, நன்றாக ஓடிப் பழகிய பெரிய இன்ஜினுக்கு 14 முதல் 16 சதவீதம் சரியாக இருக்கும். சின்ன இன்ஜினின் 20 சதவீதத்தை இங்கே கொண்டுவந்தால் சக்தி குறையும், பிளக் நனையும், ஐடிலில் தடுமாறும். பால் பேரிங் இல்லாமல் புஷ்ஷில் (வெறும் உலோக வளையத்தில்) ஓடும் இன்ஜின் என்றால் 20-க்குக் குறையாதீர்கள், விளக்கெண்ணெய்ப் பங்கையும் கூட்டுங்கள். புது இன்ஜினுக்கும் முதல் சில டேங்குகள் 18 முதல் 20, அதில் பாதிவரை விளக்கெண்ணெய், நைட்ரோ 5-க்கு மேல் வேண்டாம். நான்கு ஸ்ட்ரோக்கில் ரிங்கைத் தாண்டிக் கசியும் எண்ணெய்தான் கேம், பின்பக்கப் பேரிங் வரை போய்ச் சேருகிறது. அங்கே எண்ணெயில் சிக்கனம் பிடிப்பது அபாயம்.

ஒன்று மட்டும் கட்டாயம். பெட்ரோல் இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கான எண்ணெய் இதற்கு வேண்டவே வேண்டாம். கனிம எண்ணெய் மெத்தனாலில் கரையாது. குலுக்கினால் கலந்ததுபோல் தெரியும், கொஞ்ச நேரத்தில் பிரிந்து தனியே நிற்கும். இன்ஜினுக்குள் அப்புறம் வெறும் மெத்தனால் மட்டும் போகும் நேரம் வரும், அந்த நேரத்திலேயே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். எந்தப் புது எண்ணெயை வாங்கினாலும் ஒரு கண்ணாடிப் புட்டியில் நாலு பங்கு மெத்தனாலும் ஒரு பங்கு எண்ணெயும் ஊற்றிக் குலுக்கி, ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். காலையில் ஒரே தெளிவாக இருந்தால் சரி. கோடோ கலங்கலோ தெரிந்தால் அந்த எண்ணெய் வேண்டாம்.

லேபிளில் ஒளிந்திருக்கும் கணக்கு

கடையில் கலந்து விற்கும் எரிபொருளில் ‘எண்ணெய் 20 சதவீதம்’ என்று அச்சிட்டிருந்தால், அது கொள்ளளவா எடையா என்று பாருங்கள். விளக்கெண்ணெயின் அடர்த்தி 0.96, மெத்தனாலின் அடர்த்தி 0.79. எடையில் 20 சதவீதம் என்றால் கொள்ளளவில் அது 17 சதவீதம்தான். கொள்ளளவில் 20 என்றால் எடையில் 23-ஐத் தாண்டும். நாம் பேசும் சதவீதமெல்லாம் பொதுவாகக் கொள்ளளவு. லேபிளில் எண்ணெய் அளவே போடாத எரிபொருளும் உண்டு, நைட்ரோ எண் மட்டும் பெரிதாக இருக்கும். அதைப் பெரிய இன்ஜினுக்கு நான் வாங்க மாட்டேன். பெரிய இன்ஜினின் ஆயுளைத் தீர்மானிக்கும் எண் எண்ணெயுடையது.

வீட்டில் கலப்பதில் எனக்குப் பிடித்ததே இதுதான். கேனுக்குள் என்ன இருக்கிறது என்று சந்தேகமில்லாமல் தெரியும். சிக்கனமும் உண்டு, 1.60 இன்ஜின் ஒரு பறப்புக்கு அரை லிட்டரைச் சாதாரணமாகக் குடித்துவிடும். ஆனாலும் தெரிந்த கலவை என்பதுதான் முதல் காரணம்.

மெத்தனாலை எடுக்கும் முன்

மெத்தனால் விஷம். ஒரு மேசைக்கரண்டிக்கும் குறைவாக உள்ளே போனாலும் பார்வையைப் பறிக்கலாம், அதற்கு மேல் போனால் உயிரையே எடுக்கும். தோல் வழியாகவும் ஆவி வழியாகவும் உள்ளே போகும். விழுங்கியவருக்கு முதலில் ஒன்றும் தெரியாது, மணிக்கணக்கு கழித்துத்தான் கண் மங்கும். ஆகவே சந்தேகம் வந்த நிமிடமே மருத்துவமனை. தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பானப் பாட்டிலிலோ எரிபொருளை ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். குழாயை வாயால் உறிஞ்சி எடுக்காதீர்கள்.

அடுத்தது தீ. மெத்தனால் எரியும்போது பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்கே தெரியாது. வெப்ப அலை காற்றில் நெளிவதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும், அதற்குள் கை பட்டிருக்கும். கலக்கும் இடம் திறந்த வெளியாக இருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ, சிகரெட்டோ, சூடான இன்ஜினோ, க்ளோ பிளக் பேட்டரியோ கூடாது. ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் வையுங்கள். மெத்தனால் தண்ணீரோடு கலக்கும் என்பதால், பெட்ரோல் தீயைப்போல் அல்லாமல், சிறு தீயை நிறையத் தண்ணீர் ஊற்றியே நீர்க்கவைத்து அணைக்கலாம். கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். மெல்லிய கையுறையை மெத்தனால் சீக்கிரமே ஊடுருவிவிடும், நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

நைட்ரோமீத்தேனைத் தனியாக வாங்குவது பல நாடுகளில் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் எடையில் 16 சதவீதத்துக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ள எதையும் உரிமம் இல்லாமல் பொதுமக்களுக்கு விற்கக்கூடாது. உங்கள் நாட்டுச் சட்டத்தைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். உண்மையில் பெரிய இன்ஜின்காரருக்குத் தூய நைட்ரோ தேவையே இல்லை. கடையில் கிடைக்கும் 15 சதவீதக் கலவையை நீர்க்கவைத்தால் வேண்டிய 5 சதவீதம் வந்துவிடும். நான் எல்லோருக்கும் சொல்வதும் அந்த வழியைத்தான். தூய நைட்ரோ வைத்திருப்பவர்கள் அதை வந்த டப்பாவிலேயே, வேறு எந்த ரசாயனத்தின் பக்கத்திலும் இல்லாமல், வெயில் படாமல் வையுங்கள்.

மெத்தனாலில் ஈரம்

மெத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாதிக் கேனை மூடி தளர்வாக விட்டு வைத்தால் அடுத்த மாதம் அது வேறு திரவம். அந்த எரிபொருளில் இன்ஜின் காரணமே இல்லாமல் தடுமாறும், இன்றைக்கு வைத்த நீடில் நாளைக்கு நிற்காது, பேரிங்கில் துரு ஏறும். 99.8 சதவீதத்துக்கு மேல் தூய்மை என்று சான்று உள்ள மெத்தனாலை, சீல் உடைக்காத டப்பாவில் வாங்குங்கள்.

சந்தேகம் இருந்தால் திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் மிதவையான ஒரு ஹைட்ரோமீட்டர் போதும். உயரமான கண்ணாடிக் குழலில் மெத்தனாலை ஊற்றி, பக்கத்திலேயே ஒரு வெப்பமானியையும் இறக்குங்கள், வெப்பநிலை தெரியாமல் இந்த அளவுக்கு அர்த்தமே இல்லை. 20 டிகிரி செல்சியஸில் நல்ல மெத்தனால் 0.791, 0.792 காட்டும். ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் ஏறத்தாழ 0.001 குறையும். 30 டிகிரியில் 0.782 காட்டினால் அது நல்ல மெத்தனால்தான், பயப்படவேண்டாம். ஒரு சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 0.003 போலக் கூடும். அதாவது 20 டிகிரியில் 0.795-ஐ எட்டினால் அந்த மெத்தனாலை இன்ஜினுக்குத் தராதீர்கள். குழல் சுவரில் மிதவை ஒட்டாமல் ஒருமுறை சுழற்றிவிட்டு, கண்ணைத் திரவத்தின் மட்டத்துக்குத் தாழ்த்திப் படியுங்கள். மேலிருந்து பார்த்தால் இந்த மூன்றாம் தசமம் பொய் சொல்லும்.

கலப்பது

நான் 5 லிட்டராகக் கலப்பேன். நைட்ரோ 5, எண்ணெய் 15, மெத்தனால் 80. மில்லிலிட்டரில் இப்படி வரும்: மெத்தனால் 4,000, சிந்தடிக் 600, விளக்கெண்ணெய் 150, நைட்ரோ 250.

அளவுக் குடுவையில் விளக்கெண்ணெயை ஊற்றிக் கவிழ்த்தால் பாதி குடுவையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால் எடை போட்டுக் கலப்பதே மேல். 5 கிலோ வரை கிராம் கணக்கில் காட்டும் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். காலிக் கேனைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, ஒவ்வொன்றையும் நேராகக் கேனுக்குள்ளேயே ஊற்றலாம். கிராம் கணக்கு: மெத்தனால் 3,164, விளக்கெண்ணெய் 144, நைட்ரோ 284. சிந்தடிக் எண்ணெயின் அடர்த்தி தயாரிப்பாளரின் தாளில் இருக்கும். 0.99 என்றால் 600 மி.லி.க்கு 594 கிராம். எல்லாம் சேர்ந்து 4,186 கிராம் காட்டவேண்டும். கடைசியில் மொத்தம் ஒத்துவந்தால் இடையில் எதையும் விட்டுவிடவில்லை என்று உறுதி. வெயில் நாளா குளிர் நாளா என்ற கவலையும் இல்லை, எடை மாறாது.

வரிசை முக்கியம். விளக்கெண்ணெய் மெத்தனாலில் கரையும், நைட்ரோவில் கரையாது. எனவே முதலில் மெத்தனாலில் பாதி. பிறகு விளக்கெண்ணெயை மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அது கனத்த இழையாக அடிக்கு இறங்கிச் சுருண்டு படுப்பது தெரியும். மூடியை இறுக்கிக் கேனை முன்னும் பின்னும் சாய்த்துச் சாய்த்துக் குலுக்குங்கள், அந்த இழைகள் நெளிந்து நெளிந்து மறையும். ஒன்றுகூடத் தெரியாத வரை குலுக்கவேண்டும். குளிர்நாளில் இது நேரமெடுக்கும், எண்ணெய்ப் புட்டியைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் நிற்கவைத்து ஊற்றினால் சீக்கிரம் கரையும். எண்ணெயைத்தான் வெந்நீரில் வைக்கவேண்டும், மெத்தனாலை ஒருபோதும் அல்ல. அடுத்து சிந்தடிக், அடுத்து மீதி மெத்தனால், நைட்ரோ கடைசி. மறுபடியும் குலுக்கி ஒரு நாள் அப்படியே விடுங்கள். கலவை கலங்கலாகத் தெரிந்தால் பெரும்பாலும் மெத்தனாலில் தண்ணீர் இருக்கிறது. தெளிவாக இருந்தால் நல்ல ஃபில்டர் வழியாகப் பறக்கும் கேனுக்கு மாற்றலாம்.

15 சதவீத நைட்ரோவை 5 ஆக்குவது

கடைக் கலவையை நீர்க்கவைப்பவர்கள் கவனிக்கவேண்டிய ஒரே இடம் எண்ணெய். 15 சதவீத நைட்ரோ, 18 சதவீத எண்ணெய் உள்ள எரிபொருள் 1 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை 3 லிட்டராக்கினால் நைட்ரோ 5 ஆகிவிடும். ஆனால் 2 லிட்டர் வெறும் மெத்தனாலை ஊற்றினால் எண்ணெய் 18-லிருந்து 6-க்கு விழும். அந்த எரிபொருளில் இன்ஜின் ஒரு பறப்பைக்கூடத் தாண்டாது.

கணக்கு இப்படிப் போகும். வேண்டியது 3 லிட்டரில் 15 சதவீத எண்ணெய், அதாவது 450 மி.லி. கடைக் கலவையில் ஏற்கெனவே 180 இருக்கிறது. ஆக 270 மி.லி. எண்ணெய் சேர்க்கவேண்டும். சேர்க்கவேண்டிய மொத்தம் 2,000, அதில் எண்ணெய் போக மெத்தனால் 1,730. எண்ணெயை மெத்தனாலில் முழுக்கக் கரைத்துவிட்டு, அந்தக் கரைசலைத்தான் கடைக் கலவையோடு சேர்க்கவேண்டும். கடைக் கலவையில் எந்த எண்ணெய் இருக்கிறதோ அதைப் பொறுத்து உங்கள் 270-இல் விளக்கெண்ணெய் எவ்வளவு என்று முடிவுசெய்யுங்கள். அது முழு சிந்தடிக் என்றால், 90 மி.லி. விளக்கெண்ணெயும் 180 சிந்தடிக்கும் சேர்த்தால் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு விளக்கெண்ணெய் என்ற விகிதம் வந்துவிடும்.

புது எரிபொருளில் முதல் ஓட்டம்

எரிபொருளை மாற்றினால் நீடில் மாறும், இதில் விதிவிலக்கு கிடையாது. நைட்ரோவைக் குறைத்தால் நீடிலைக் கொஞ்சம் மூடவேண்டி வரும், அது பயமில்லாத திசை, தொடக்கத்தில் இன்ஜின் ரிச்சாகத்தான் (எரிபொருள் கூடுதலாக) ஓடும். குறைந்த நைட்ரோவிலிருந்து கூடுதலுக்குப் போகும்போதுதான் ஆபத்து. பழைய நீடிலில் அது லீன், முதல் பறப்பிலேயே சூடேறும். எப்படிப் போனாலும் அரைச் சுற்று திறந்துவிட்டே தொடங்குங்கள்.

இரண்டு ஸ்ட்ரோக்கில் சுற்றை அளக்கும் டேக்கோமீட்டரை வைத்து உச்சச் சுற்றைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ரிச் பக்கமாக 200, 300 சுற்று குறையும்வரை நீடிலைத் திறங்கள். நான்கு ஸ்ட்ரோக்கில் 400, 500. அப்புறம் ஒருவர் விமானத்தை இறுகப் பிடித்து மூக்கை நேராக மேலே தூக்கட்டும். சுற்று அப்படியே நிற்கவேண்டும் அல்லது லேசாக ஏறவேண்டும். சுற்று இறங்கினால் இன்னும் லீன், இன்னும் ஒரு கிளிக் திறக்கவேண்டும். இதைப் பண்ணும்போது எல்லோரும் புரொப்பெல்லருக்குப் பின்னால் நிற்கவேண்டும், அதன் சுழல்தளத்தில் யாருமே இருக்கக்கூடாது.

இரண்டு மூன்று பறப்புக்குப் பிறகு பிளக்கைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பாருங்கள். சுருள் நேராக, பளபளப்பாக இருந்தால் எல்லாம் சரி. பளபளப்பு போய் வெளிறி, சொரசொரப்பாக இருந்தால் சூடு மிஞ்சுகிறது. சுருள் உள்ளே அமுங்கியோ கோணியோ இருந்தால், அல்லது அதன்மேல் பொடிப்பொடியாக உலோகத் துகள் ஒட்டியிருந்தால், அது டெட்டனேஷன். பறக்கும்போது சத்தம் கேட்டிருக்காவிட்டாலும் நடந்திருக்கிறது. முதலில் நீடிலைத் திறந்து பாருங்கள். போகவில்லையா, நைட்ரோவைக் குறையுங்கள். நைட்ரோவே இல்லாமலும் படபடத்தால் ஹெட்டுக்கு அடியில் 0.1 அல்லது 0.2 மி.மீ. ஷிம் (மெல்லிய உலோக வளையம்) ஒன்று சேர்த்துக் கம்ப்ரஷனை இறக்குங்கள். குளிர்ச்சியான பிளக் அதற்கும் பிறகு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லையென்றால் எது உதவியது என்று தெரியாது.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. நைட்ரோவைக் குறைத்த பிறகு ஐடிலில் பிளக் அணைந்து அணைந்து நின்றால், ஒரு படி சூடான பிளக் போட்டுப் பாருங்கள். ஓ.எஸ். நிறுவனத்தின் 8-ஆம் எண் பிளக் பல பெரிய இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின்களுக்கு நன்றாகப் பொருந்தும், நான்கு ஸ்ட்ரோக்குக்கு ‘எஃப்’ வகை. தலைகீழாக மாட்டிய இன்ஜினில் பிளக்கில் எண்ணெய் தேங்குவது இயல்பு. அதற்கு விமானத்திலேயே ஒரு சின்ன பேட்டரி வைத்து, த்ராட்டில் இறங்கும்போது பிளக்குக்கு மின்சாரம் தரும் ஏற்பாடுதான் சரியான மருந்து. 5-லிருந்து 10 சதவீதத்துக்கு ஏறுவது அதற்கடுத்த வழி. டேங்கில் நுரை வந்து குழாயில் குமிழி ஓடினால் எரிபொருளைக் குறைசொல்லுமுன் புரொப்பெல்லரைச் சமன்செய்து, டேங்கைச் சுற்றி மெத்தை வையுங்கள். பெரிய இன்ஜினின் அதிர்வுதான் அதற்கு முதல் காரணம்.

நாள் முடிவில்

கடைசிப் பறப்புக்குப் பிறகு டேங்கில் மீதியிருப்பதை எடுத்துவிட்டு, குழாயைக் கழற்றி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஐடிலில் ஓடவிடுங்கள். உள்ளே தங்கும் மெத்தனால் ஈரத்தை இழுக்கும், நைட்ரோ எரிந்த மிச்சம் அந்த ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். பின்பக்கப் பேரிங் சிவப்பேறிப் போவது இதனால்தான். நின்ற பிறகு கார்புரேட்டர் வழியாகவும் பிளக் துளை வழியாகவும் இன்ஜின் காக்கும் எண்ணெய் சில சொட்டு விட்டு, கையால் சுற்றிக்கொடுங்கள். டேங்கிலிருந்து எடுத்த எரிபொருளைத் திரும்பப் பெரிய கேனில் ஊற்றவேண்டாம். அதில் தூசியும் ஈரமும் இருக்கும், அடுத்த முறை தரையில் ஓடவிட்டுச் சோதிக்கத் தனியே வையுங்கள்.

கேன் உலோகமாகவோ கெட்டியான பாலித்தீனாகவோ இருக்கட்டும். வெளிச்சம் நைட்ரோவைக் கெடுக்கும், வெள்ளைக் கேனை ஜன்னலோரம் வைக்காதீர்கள். கழுத்துவரை நிரப்பி, மூடியை இறுக்கி, நிழலில், குழந்தைகள் கைக்கு எட்டாத பூட்டிய இடத்தில். மேலே அழியாத மையில் ‘விஷம்’ என்றும், நைட்ரோ, சிந்தடிக், விளக்கெண்ணெய் மூன்றின் சதவீதமும், கலந்த தேதியும், எந்த இன்ஜினுக்கு என்பதும் எழுதி ஒட்டுங்கள்.